வீரர்களை விட்ட அணி, ஊரையும் விட்டது

2024 செப்டம்பர் 26 அன்று அமெரிக்காவின் ஓக்லாண்ட் நகரில் ஒரு பேஸ்பால் ஆட்டம் நடைபெற்றது. உள்ளூர் அணியான ஓக்லாண்ட் அத்லெட்டிக்ஸ், டெக்சஸ் ரேஞ்சர்ஸ் அணியை 3-2 என்ற கணக்கில் வென்றது. மைதானத்தில் 46,889 பேர் திரண்டிருந்தார்கள். ஆட்டம் முடிந்த பிறகும் பலர் இருக்கையைவிட்டு எழவில்லை, கண்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். 1968 முதல் 57 பருவங்கள் அந்த ஊரின் பெயரைச் சுமந்து ஆடிய அணிக்கு அங்கு அதுவே கடைசி ஆட்டம்.

அந்தக் காட்சிகளைக் கணினித் திரையில் பார்த்துக்கொண்டிருந்தபோது, பல ஆண்டுகளாக நான் நண்பர்களிடம் உற்சாகமாகச் சொல்லிவந்த ஒரு கதை என்னை உறுத்தத் தொடங்கியது. பணமில்லாத ஓர் அணி, புத்தியின் துணையோடு பணக்கார அணிகளுக்கு ஈடுகொடுத்த கதை அது. மைக்கேல் லூயிஸ் 2003இல் எழுதிய ‘மணிபால்’ நூலும், 2011இல் பிராட் பிட் நடிப்பில் வெளிவந்த அதே பெயருள்ள திரைப்படமும் உலகெங்கும் பரப்பிய கதை. கிரிக்கெட் பார்த்து வளர்ந்த எனக்கு பேஸ்பாலை அறிமுகப்படுத்தியதும் அதுதான். அந்தக் கதை பொய்யல்ல. ஆனால், பாதிக் கதை. மீதியைச் சேர்த்துப் பார்த்தால், ஓர் அணி யாரை விடுகிறது, யாரை வாங்குகிறது என்கிற முடிவுக்குப் பின்னால் இன்னொரு முடிவு ஒளிந்திருப்பது புலப்படும்.

குளிர்காலச் சந்தை: அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் ஒவ்வோர் அணியும் வசந்தத்தில் தொடங்கி செப்டம்பர் இறுதிவரை 162 ஆட்டங்கள் ஆடுகிறது. அக்டோபரில் நாக்-அவுட் தொடர்கள். அதன் உச்சம் உலகத் தொடர் எனப்படும் இறுதிப் போட்டி. பிறகு மைதானங்கள் மூடப்பட்டு, மேலாளர்களின் அறைகள் திறக்கின்றன. நவம்பர் முதல் பிப்ரவரிவரை நீளும் இந்த இடைவேளையில்தான் அடுத்த ஆண்டுக்கான அணி உருவாகிறது. ஒப்பந்தம் முடிந்த வீரர் விரும்பிய அணியுடன் பேரம் பேசலாம். அவரை ‘ஃப்ரீ ஏஜென்ட்’ என்கிறார்கள். ஒப்பந்தத்தில் உள்ள வீரர்களையோ அணிகள் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளலாம்.

நமக்குப் பழக்கமான ஐபிஎல் ஏலத்தை நினைத்தால் இது எளிதில் புரிந்துவிடும் என்று தோன்றலாம். ஆனால், ஒரு பெரிய வேறுபாடு உண்டு. ஐபிஎல்லில் எல்லா அணிகளுக்கும் ஒரே செலவு வரம்புதான். 2025 பருவத்துக்கான ஏலத்தில் அது 120 கோடி ரூபாய். பேஸ்பாலில் அப்படியொரு கண்டிப்பான உச்சவரம்பு இல்லை. 2002 பருவத்தின் தொடக்கத்தில் நியூயார்க் யாங்கீஸ் அணியின் ஊதியச் செலவு சுமார் 12.5 கோடி டாலர். ஓக்லாண்டின் செலவு சுமார் 4 கோடி டாலர். ஒரே சந்தையில், ஒரே வீரருக்காக இவ்விரு அணிகளும் போட்டியிட வேண்டும்.

வீரர்கள் வென்ற உரிமை: இந்தச் சந்தை தானாக உருவானதல்ல. ஒரு காலத்தில் வீரர் தம் அணிக்குக் கிட்டத்தட்ட கொத்தடிமையாகவே இருந்தார். ஒப்பந்தம் முடிந்தாலும் அவரைத் தக்கவைத்துக்கொள்ளும் உரிமை அணிக்கே இருந்தது. வேறு ஊருக்கு மாற்றினால் போகத்தான் வேண்டும். 1969இல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணி தன்னை ஃபிலடெல்ஃபியாவுக்கு மாற்றியபோது, கர்ட் ஃபிளட் என்கிற கறுப்பின வீரர் மறுத்தார், நீதிமன்றம் சென்றார். 1972இல் உச்ச நீதிமன்றம் 5-3 என்ற பெரும்பான்மையில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அவருடைய ஆட்ட வாழ்க்கை ஏறக்குறைய அதோடு முடிந்துபோனது. ஆனால், அவர் எழுப்பிய கேள்வி முடியவில்லை. 1975 டிசம்பரில் பீட்டர் சைட்ஸ் என்கிற நடுவர், இரண்டு பந்துவீச்சாளர்களின் வழக்கில் வீரர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். அதன் விளைவாக எழுந்த ஏற்பாட்டின்படி, ஆறு ஆண்டுகள் மேஜர் லீக் சேவை முடித்தவர் ஃப்ரீ ஏஜென்ட் ஆகலாம்.

இந்த ஆறு ஆண்டு விதியை நினைவில் கொள்ள வேண்டும். பிறகு வருபவை எல்லாம் இதைச் சுற்றியே நிகழ்கின்றன. முதல் மூன்று ஆண்டுகள் வீரர் பெரும்பாலும் குறைந்தபட்ச ஊதியத்துக்கு ஆடுவார். 2002இல் அது 2 லட்சம் டாலர். அடுத்த ஆண்டுகளில் நடுவர் மன்றம் வழியாக ஊதியம் உயரும். ஆறாம் ஆண்டுக்குப் பிறகே உண்மையான சந்தை விலை. அதாவது, வீரர் இளமையும் வேகமும் நிறைந்த காலத்தில் மலிவாகவும், உடல் தளரத் தொடங்கும் வேளையில் அதிக விலையிலும் கிடைக்கிறார்.

இந்த வரலாற்றில் ஓக்லாண்டுக்கும் ஓர் இடம் உண்டு. 1972, 1973, 1974 என அடுத்தடுத்து மூன்று முறை உலகத் தொடரை வென்ற அணி அது. அதன் உரிமையாளர் சார்லி ஃபின்லி, நட்சத்திரப் பந்துவீச்சாளர் கேட்ஃபிஷ் ஹண்டரின் ஒப்பந்தத்தில் இருந்த ஒரு காப்பீட்டுத் தொகையைச் செலுத்தத் தவறினார். அந்த ஒப்பந்த மீறலைக் காட்டி 1974 டிசம்பரில் ஹண்டர் விடுதலை பெற்றார். 30 லட்சம் டாலருக்கும் அதிகமான ஒப்பந்தத்தில் யாங்கீஸ் அணிக்குச் சென்றார். ஃப்ரீ ஏஜென்ட் முறை வந்ததும் மற்ற நட்சத்திரங்களும் வெளியேறினார்கள். 1979இல் அதே அணி 108 ஆட்டங்களில் தோற்றது. செலவு செய்ய மனமில்லாத உரிமையாளர் ஓர் அணியை எங்கே கொண்டுபோய் நிறுத்துவார் என்பதை ஓக்லாண்ட் அப்போதே பார்த்துவிட்டது.

மூவர் வெளியேறிய குளிர்காலம்: 2001 பருவத்தில் ஓக்லாண்ட் 102 ஆட்டங்களில் வென்றது. அக்டோபரில் யாங்கீஸ் அணிக்கு எதிரான ஐந்து ஆட்டத் தொடரில் முதல் இரண்டையும் நியூயார்க்கிலேயே வென்று, அடுத்த மூன்றையும் இழந்து வெளியேறியது. அந்தக் காயம் ஆறுவதற்குள் மூன்று முக்கிய வீரர்கள் ஃப்ரீ ஏஜென்ட் ஆனார்கள். அணியின் முதன்மை மட்டையாளர் ஜேசன் ஜியாம்பியை 7 ஆண்டுகள், 12 கோடி டாலர் ஒப்பந்தத்தில் அதே யாங்கீஸ் எடுத்துக்கொண்டது. ஜானி டேமன் 4 ஆண்டுகள், 3.1 கோடி டாலருக்கு பாஸ்டன் ரெட் சாக்ஸ் சென்றார். ஆட்டத்தை முடித்துக்கொடுக்கும் பந்துவீச்சாளர் ஜேசன் இஸ்ரிங்ஹாசன் 4 ஆண்டுகள், 2.7 கோடி டாலருக்கு செயின்ட் லூயிஸ் சென்றார்.

பொது மேலாளர் பில்லி பீன் முன்னால் இருந்த கேள்வி, ‘ஜியாம்பிக்கு நிகரான இன்னொருவரை எங்கே தேடுவது?’ என்பதல்ல, அப்படியொருவர் கிடைத்தாலும் அவருக்குக் கொடுக்கப் பணமில்லை. ‘இந்த மூவரும் அணிக்கு உண்மையில் எதைத் தந்தார்கள், அது வேறெங்கே மலிவாகக் கிடைக்கும்?’ என்று அவர் கேட்டார். பீன் முன்னாள் வீரர். 1980இல் நியூயார்க் மெட்ஸ் அணி அவருடைய உடற்கட்டைக் கண்டு வியந்து முதல் சுற்றிலேயே தேர்ந்தெடுத்தது; ஆனால், மேஜர் லீக்கில் அவர் சோபிக்கவில்லை. திறமை பார்வைக்குத் தெரிந்துவிடும் என்கிற நம்பிக்கை எவ்வளவு பிழையாக முடியும் என்பதற்கு அவருடைய வாழ்க்கையே சான்று.

அவுட் ஆகாமல் இருப்பதன் விலை: இங்கே ஆட்டத்தின் ஓர் அடிப்படையைச் சொல்ல வேண்டும். பேஸ்பாலில் ஓவர் கணக்கு இல்லை. 9 இன்னிங்ஸ், ஒவ்வொன்றிலும் 3 அவுட், ஆக மொத்தம் 27 அவுட். அவை தீரும்வரை அணி ஆடலாம். எனவே, அவுட் ஆகாமல் இருப்பதே பெரிய பங்களிப்பு. பந்துவீச்சாளர் எல்லைக்கு வெளியே நான்கு பந்துகள் வீசி, மட்டையாளர் அவற்றை அடிக்காமல் விட்டால், அவர் முதல் பேஸுக்கு நடந்தே செல்லலாம். மரபான மட்டைச் சராசரியில் இது சேர்வதில்லை. கிரிக்கெட்டில் வைடுக்குக் கிடைக்கும் ஓட்டம் மட்டையாளர் கணக்கில் ஏறாதல்லவா, அதுபோல. பந்துவீச்சாளரின் பிழையாகவே அது நெடுங்காலம் பார்க்கப்பட்டது. ஆனால், எந்தப் பந்தைத் தொடக் கூடாது என்று அறிவதும் திறமைதான். கன்சாஸில் ஒரு தொழிற்சாலையின் இரவுக் காவலராக வேலை பார்த்துக்கொண்டே, 1977 முதல் சொந்தச் செலவில் புள்ளிவிவர ஆய்வுகளை வெளியிட்ட பில் ஜேம்ஸ் போன்றவர்கள் இதை விரிவாக எழுதிவந்தார்கள். அணி மேலாளர்களில் பெரும்பாலோர் கண்டுகொள்ளவில்லை. கண்டுகொள்ளப்படாத திறமைக்குச் சந்தையில் விலை குறைவு. ஓக்லாண்ட் அங்கேதான் கை வைத்தது.

பேஸை எட்டும் விகிதத்தைக் கொண்டு அளந்தால் ஜியாம்பி உண்மையிலேயே அபூர்வமானவர். 2001இல் நூறு முறை மட்டை பிடித்தால் ஏறக்குறைய 48 முறை பேஸை எட்டினார். டேமனோ அதே பருவத்தில் 32 முறைதான். ஜியாம்பிக்கு ஈடு கிடையாது; டேமனுக்கு ஈடு கடினமில்லை என்பது கணக்கு சொன்ன செய்தி. பாஸ்டனில் கேட்சராக இருந்த ஸ்காட் ஹேட்டிபெர்க்குக்கு முழங்கையில் நரம்பு பாதிக்கப்பட்டு, பந்தை எறிவதே சிரமமாகிவிட்டிருந்தது. கேட்சராக அவருக்கு எதிர்காலம் இல்லை என்று மற்ற அணிகள் கைவிட்டன. பந்தைப் பொறுத்திருந்து பார்க்கும் அவருடைய பழக்கத்தை ஓக்லாண்ட் கவனித்தது. 10 லட்சம் டாலருக்கும் குறைந்த தொகையில் ஒப்பந்தம் செய்து, அவர் அதுவரை ஆடியிராத முதல் பேஸ் இடத்துக்கு அனுப்பியது. 2002இல் அவர் நூற்றுக்கு 37 முறை பேஸை எட்டினார்.

அந்த ஆண்டு ஆகஸ்ட் நடுவில் தொடங்கி ஓக்லாண்ட் தொடர்ந்து 20 ஆட்டங்களை வென்றது. இருபதாவது வெற்றி செப்டம்பர் 4 அன்று கன்சாஸ் சிட்டிக்கு எதிரானது. 11-0 என முன்னிலை பெற்று, அதை முழுவதும் பறிகொடுத்து 11-11 எனத் தவித்த நிலையில், கடைசி இன்னிங்ஸில் மாற்று மட்டையாளராக வந்த ஹேட்டிபெர்க் ஹோம் ரன் அடித்து முடித்துவைத்தார். பருவத்தின் முடிவில் ஓக்லாண்ட் பெற்ற வெற்றிகள் 103. ஜியாம்பியை வாங்கிய யாங்கீஸ் பெற்றதும் 103தான்.

பரிமாற்றத்தின் கணக்கு: ‘முடித்துக்கொடுக்கும்’ பந்துவீச்சாளர் விஷயத்திலும் இதே கண்ணோட்டம்தான். வெற்றி ஏறக்குறைய உறுதியான பிறகு கடைசி இன்னிங்ஸை வீசுபவரின் புகழ், அவர் செய்யும் வேலையைவிடப் பெரிது. ஆகவே விலையும் பெரிது என்பது பீனின் கணிப்பு. இஸ்ரிங்ஹாசன் போன இடத்துக்கு டொரான்டோவிலிருந்து பில்லி கோச்சைப் பரிமாற்றத்தில் பெற்றார். கோச் 2002இல் 44 ஆட்டங்களை முடித்துக்கொடுத்துப் புகழின் உச்சியில் இருந்தபோதே, அவரை சிகாகோவுக்குக் கொடுத்து கீத் ஃபோல்க்கை வாங்கினார். கோச் அதன் பிறகு பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. ஃபோல்க் 2003இல் 43 ஆட்டங்களை முடித்துக்கொடுத்தார்.

போனவர்களும் வெறுங்கையோடு விட்டுப்போகவில்லை. அன்றைய விதிப்படி, ஃப்ரீ ஏஜென்ட்டை இழந்த அணிக்கு இளம் வீரர் தேர்வில் கூடுதல் வாய்ப்புகள் கிடைக்கும். மூவரை இழந்ததன் பயனாக 2002 தேர்வின் முதல் சுற்றில் ஓக்லாண்டின் வாய்ப்புகள் ஏழாக உயர்ந்தன. நிக் ஸ்விஷர், ஜோ பிளான்டன் இருவரும் அந்த வழியில் வந்தவர்களே.

எல்லா ஈடும் இலவசமல்ல என்பதையும் சொல்ல வேண்டும். கோச்சுக்காக ஓக்லாண்ட் கொடுத்த எரிக் ஹின்ஸ்கி, 2002இல் அமெரிக்கன் லீக்கின் சிறந்த புதுமுக வீரராகத் தேர்வானார். ஜியாம்பியின் இடத்துக்கென வாங்கப்பட்ட கார்லோஸ் பெனா, பருவத்தின் பாதியிலேயே வேறு அணிக்கு மாற்றப்பட்டார்.

கதை சொல்லாமல் விட்ட பக்கம்: நான் நண்பர்களிடம் சொன்ன கதை இதுவரைதான். இனி நான் விட்டுவிட்ட பகுதி. 2001இல் ஓக்லாண்ட் எடுத்த ஓட்டங்கள் 884, 2002இல் 800. அதாவது, போனவர்களின் இழப்பு மட்டைவரிசையில் தெளிவாகத் தெரிந்தது. அணியைத் தாங்கியது டிம் ஹட்சன், மார்க் மல்டர், பாரி ஸீட்டோ என்கிற மூன்று இளம் பந்துவீச்சாளர்கள். ஸீட்டோ அந்த ஆண்டு லீக்கின் சிறந்த பந்துவீச்சாளர். மிகெல் தெஹாதா மிகச் சிறந்த வீரர். திரைப்படத்தில் இவர்களுக்கு முக்கிய இடம் இல்லை. இவர்கள் அனைவரும் ஓக்லாண்டே வளர்த்தெடுத்த வீரர்கள். அனைவரும் ஆறு ஆண்டு விதிக்குள் இருந்தவர்கள். புத்தியின் வெற்றி எனக் கொண்டாடப்பட்டதில் ஒரு பங்கு, சந்தை விலையைக் கேட்கும் உரிமை இன்னும் வந்துசேராத இளைஞர்களின் உழைப்பு.

அந்த உரிமை வந்ததும் என்ன நடந்தது? தெஹாதா 2003 பருவத்துக்குப் பிறகு 7.2 கோடி டாலருக்கு பால்டிமோர் சென்றார். 2004 டிசம்பரில் ஹட்சனும் மல்டரும் பரிமாற்றத்தில் அனுப்பப்பட்டார்கள். 2006இல் ஸீட்டோ 12.6 கோடி டாலருக்கு சான் ஃபிரான்சிஸ்கோ சென்றார். இவற்றில் சில முடிவுகள் மிகச் சரியானவை: மல்டரின் தோள் விரைவில் பழுதடைந்தது, ஸீட்டோ தம் ஒப்பந்தத்துக்கு ஈடாக ஆடவில்லை. சில பெரும் பிழைகள்: 2014 நவம்பரில் டொரான்டோவுக்கு அனுப்பப்பட்ட ஜாஷ் டொனால்ட்சன், அடுத்த ஆண்டே லீக்கின் மிகச் சிறந்த வீரரானார். ஆனால், சரியோ பிழையோ, எல்லா முடிவுகளும் ஒரே திசையில் சென்றன. விலை உயரும் வீரர் வெளியே. விலை உயராத வீரர் உள்ளே.

பாஸ்டன் அணி ஓக்லாண்டின் அறிவைக் கவனித்தது. 2002 நவம்பரில் பில் ஜேம்ஸை ஆலோசகராக அமர்த்தியது. பீனையே அழைத்தது, அவர் கடைசி நேரத்தில் மறுத்துவிட்டார். அந்த அணி அறிவோடு பணத்தையும் சேர்த்துக்கொண்டது. 2004இல், 1918க்குப் பிறகு முதன்முறையாக உலகத் தொடரை வென்றது. வென்ற அணியில் டேமன் இருந்தார். கடைசிப் பந்தை வீசியவர் ஃபோல்க். இருவரும் ஓக்லாண்டால் தக்கவைத்துக்கொள்ள முடியாதவர்கள். 1990க்குப் பிறகு ஓக்லாண்ட் உலகத் தொடருக்குள் நுழையவே இல்லை.

யாருடைய சேமிப்பு?: ஓக்லாண்டின் நிலையில் நியாயமான பக்கமும் உண்டு. மைதானம் பழையது, நியூயார்க்கின் தொலைக்காட்சி வருவாய் அதற்குக் கனவிலும் கிடைக்காது. இந்த இடைவெளியைக் குறைக்கத்தான் பணக்கார அணிகளின் வருவாயில் ஒரு பகுதி மற்ற அணிகளுக்குப் பகிர்ந்தளிக்கப்படுகிறது. ஆனால், அப்படிப் பெற்ற பணத்தை ஆட்டத்தை மேம்படுத்தச் செலவிடவில்லை என்று 2018இல் வீரர்கள் சங்கம் நான்கு அணிகள் மீது முறையிட்டது. அவற்றில் ஓக்லாண்டும் ஒன்று. இங்கேதான் நான் தொடக்கத்தில் சொன்ன ஒளிந்திருக்கும் முடிவு வருகிறது. 4 கோடியை எப்படிச் செலவிடுவது என்பது மேலாளரின் முடிவு. செலவிட 4 கோடிதான் என்பது உரிமையாளரின் முடிவு. முதலாவதைப் பற்றி நூல்கள் எழுதப்பட்டன. இரண்டாவது, வானிலையைப் போல இயற்கையானது என்று நாம் எடுத்துக்கொண்டோம். நானும்தான்.

2022 மார்ச்சில் மேட் ஓல்சன், மேட் சாப்மன் இருவரும் சில நாள் இடைவெளியில் பரிமாற்றத்தில் அனுப்பப்பட்டார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் கேட்சர் ஷான் மர்ஃபியும் போனார். 2023இல் அணி 112 ஆட்டங்களில் தோற்றது; ஃபின்லி காலத்து 108ஐயும் தாண்டிவிட்டது. பார்வையாளர்கள் குறைந்தார்கள். அந்தக் குறைவே, ஊருக்கு ஆர்வமில்லை என்பதற்கான சான்றாகக் காட்டப்பட்டது. அதை மறுக்க, 2023 ஜூன் 13 அன்று ரசிகர்கள் ஒரு தலைகீழ்ப் புறக்கணிப்பை நடத்தினார்கள்: ஒதுங்கியிருப்பதற்குப் பதிலாக 27,759 பேர் மைதானத்தில் திரண்டு, ‘அணியை விற்றுவிடு’ என்று உரிமையாளர் ஜான் ஃபிஷரை நோக்கிக் குரல் எழுப்பினார்கள். அணி அன்று வென்றது. அதே வாரத்தில் நெவாடா மாநிலச் சட்டமன்றம், லாஸ் வேகாஸில் புதிய மைதானம் கட்ட 38 கோடி டாலர்வரை பொதுப் பணம் வழங்க ஒப்புதல் அளித்தது. நவம்பரில் மற்ற அணிகளின் உரிமையாளர்கள் இடமாற்றத்துக்கு ஒருமனதாக வாக்களித்தார்கள்.

பில்லி பீனின் கணக்கு பிழை என்று நான் சொல்லவில்லை. பெயருக்கும் தோற்றத்துக்கும் விலை கொடுக்காமல், பங்களிப்புக்கு விலை கொடுக்க வேண்டும் என்று அவர் காட்டியது ஆட்டத்துக்கு அப்பாலும் பயன்படும் பாடம். கைவிடப்பட்ட ஹேட்டிபெர்க் போன்றவர்களுக்கு அதனால் வாழ்வு கிடைத்தது. ஆனால், ஒரு வீரரின் விலையை அளக்க முடிந்த அந்தக் கணக்கில், ஒரு சிறுவன் தன் அபிமான வீரரை இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் இழக்கும்போது ஊருக்கும் அணிக்கும் இடையே அறுபடுவதை அளக்கும் வரிசை இல்லை. ஜியாம்பி 2009இல் சில மாதங்கள் ஓக்லாண்டுக்குத் திரும்பி வந்து ஆடினார். அப்போது அவருக்கு 38 வயது.

அத்லெட்டிக்ஸ் 2025 முதல் மேற்கு சாக்ரமென்டோவில், சிறிய லீக் அணிக்கான ஒரு மைதானத்தில் ஆடுகிறது. லாஸ் வேகாஸ் மைதானம் 2028இல் தயாராகும் என்பது திட்டம். அதுவரை அந்த அணியின் பெயரில் எந்த ஊரும் இல்லை; வெறும் ‘அத்லெட்டிக்ஸ்’ மட்டுமே. ஓர் அணி குறைந்த செலவில் சாமர்த்தியமாக வீரர்களைத் தேர்ந்தெடுத்தது என்ற செய்தியை இனி எங்கே படித்தாலும், செலவு ஏன் குறைந்தது, மிச்சமான பணம் எங்கே போனது என்று சேர்த்துக் கேட்பதை நான் வழக்கமாக்கிக்கொண்டிருக்கிறேன். ஓக்லாண்ட் ரசிகர்கள் அந்தக் கேள்வியைக் கேட்கத் தொடங்கியபோது நேரம் கடந்துவிட்டிருந்தது.